செட்டிநாட்டு மழை எந்தக் கடலின் தண்ணீர்? – வாசகர் கேள்வி பதில்

மழையின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

"கீழ்க்காத்து விழுந்தாத்தான் கண்மாய் பெருகும்" என்பார்கள் எங்கள் அப்பத்தா. நாங்கள் பள்ளியில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் காரைக்குடியில் விழும் மழை எந்தக் கடலின் தண்ணீர்? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– ஓர் ஆசிரியை, காரைக்குடி

உங்கள் அப்பத்தா சொன்னது சரி. கீழ்த்திசைக் காற்றுக்குத் தமிழில் கொண்டல் என்று பெயர். மழைமேகத்துக்கும் அதே பெயர்தான். காற்றையும் மழையையும் சேர்த்தே பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 44 செ.மீ. மழை கிடைக்கிறது. கண்மாய், ஊருணிகளுக்கு ஆதாரம் இந்த மூன்று மாத மழைதான். காரைக்குடியில் நின்று வடகிழக்கு நோக்கி வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், அது மன்னார்குடி, காரைக்கால் பக்கமாகக் கடலுக்குள் இறங்கி, வங்காள விரிகுடாவின் நடுப்பகுதிக்குப் போகும். காற்று தென்கிழக்காகத் திரும்பும் நாட்களில் அதே கோடு பாக் நீரிணையைத் தாண்டி இலங்கையின் மேலேறிச் செல்லும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பங்கு வங்கக்கடலின் நீர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. கடலிலிருந்து எழுந்த நீராவி மழையாக விழும் முன் சராசரியாக 8 முதல் 10 நாள் காற்றில் தங்குகிறது. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு நாளில் ஏறத்தாழ 700 கி.மீ. ஓடிவிடும். அந்தமானிலிருந்து காரைக்குடிக்கு வர அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் போதும். எனவே அந்தக் காற்று வங்கக்கடலுக்குள் நுழையும்போதே அந்தமான் கடலிலும் தாய்லாந்து வளைகுடாவிலும் தென்சீனக் கடலிலும் ஏற்றிக்கொண்ட ஈரம் அதில் இருக்கும். வழியில் கொஞ்சம் பெய்துவிடும், மறுபடி ஏற்றிக்கொள்ளும். இந்த வரவையும் செலவையும் கணக்கெடுப்பதுதான் 'ஈரத்தின் மூலம் தேடுவது'.

வழிகள் மூன்று. காற்று வந்த பாதையைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது ஒன்று. கணினி வானிலை மாதிரியில் ஒவ்வொரு கடற்பகுதியின் நீராவிக்கும் தனி அடையாளமிட்டு, அது எங்கே விழுகிறது என்று முன்னோக்கிப் பின்தொடர்வது இரண்டாவது. இதற்குப் பெரிய கணினி வேண்டும். மூன்றாவது, விழுந்த மழைநீரையே சோதித்து அதன் ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, படிப்பது. முதலாவதும் மூன்றாவதும் ஒரு கல்லூரியோ பள்ளியோ செய்யக்கூடியவை. கீழே விரிவாக இருக்கின்றன.

ஆவணி, புரட்டாசியில் மாலையில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. மேகம் மேற்கிலிருந்து வருவதால் அது அரபிக்கடல் தண்ணீர்தானே?
– ஒரு வாசகர், தேவகோட்டை

மேகம் நகரும் திசை வேறு, மேகத்துக்குத் தீனி வரும் திசை வேறு. இந்த ஒன்றில்தான் பலரும் தவறுகிறார்கள்.

இடிமேகத்தை நகர்த்துவது தரையிலிருந்து 3 முதல் 6 கி.மீ. உயரத்தில் வீசும் காற்று. அந்தப் பருவத்தில் அது மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து வீசும். ஆகவே சிறுமலை, நத்தம், பிரான்மலைப் பக்கம் கட்டும் மேகம் கிழக்கே தேவகோட்டையை நோக்கி நகர்கிறது. ஆனால் மேகத்துக்குள் ஏறும் ஈரத்தில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு கி.மீ. உயரத்துக்குள் இருப்பது. தரையை ஒட்டிய அந்தக் காற்று பகலில் மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும். தொண்டி, மீமிசல் கடற்கரை உங்கள் ஊருக்கு அதிகத் தூரமில்லை என்பதால், பிற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்குக் காற்றும் கடற்காற்றும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்று மேலே தள்ளப்பட்டு இடிமேகம் எழுகிறது. ஆகவே ஒரே மேகத்தில் இரண்டு பக்கத்து ஈரமும் இருக்கும்.

'மழை மறைவுப் பகுதி' என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் ஈரம் முழுவதையும் பிழிந்துவிட்டுக் காய்ந்த காற்றை நம் பக்கம் அனுப்புவதில்லை. ஆடி மாதத்திலும் நம் தலைக்கு மேலுள்ள காற்றில் 40 மி.மீ.-க்கு மேல் மழைக்குச் சமமான நீராவி இருப்பது சாதாரணம். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஈரக்காற்று வருகிறது. குறைவது ஈரத்தைவிடத் தூக்கிவிடும் விசைதான். மலையைத் தாண்டிய காற்று கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் கட்டாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், ஆனால் அந்தக் காற்று மழை தருவதில்லை என்பதன் காரணம் இதுதான். ஆவணிக்கு மேல் அந்த வேகம் தணிந்து, வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து காற்றைத் தூக்கத் தொடங்குகின்றன.

அரபிக்கடல் ஈரம் என்று சொல்வதிலும் ஒரு பழைய வாதம் உண்டு. இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் 1963, 1964 ஜூலை அளவீடுகளை வைத்து, வானிலை அறிஞர் பி. ஆர். பிஷாரோட்டி 1965-இல் ஒரு கணக்குச் சொன்னார். இந்திய மேற்குக் கரையைக் கடக்கும் நீராவி, நிலநடுக்கோட்டைக் கடந்து வருவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, ஆகவே பெரும்பகுதி அரபிக்கடலிலேயே ஆவியானது என்பது அவர் முடிவு. 1981-இல் காதே, ரெவெர்தான் என்ற இருவர் வேறு அளவீடுகளோடு கணக்கிட்டபோது விடை தலைகீழாக வந்தது. மேற்குக் கரையைக் கடக்கும் நீராவியில் ஏறத்தாழ 70 விழுக்காடு தென்கோளத்திலிருந்தும், 30 விழுக்காடு அரபிக்கடலிலிருந்தும் வருகிறது என்றார்கள். எந்த மாதம், எத்தனை அளவீடு, எல்லையை எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். யாராவது விழுக்காடு சொன்னால் எல்லையைக் கேளுங்கள்.

புயல் நாட்களில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிப் புதுக்கோட்டை வழியாக மேற்கே போனது. வடகோளத்தில் புயலைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே மையம் நமக்கு வடக்கே கடந்தால் நம் ஊரில் காற்று வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அடிக்கும். வாசலில் நின்று பார்ப்பவருக்கு மேற்குக் காற்று மழைபோலத் தோன்றும். அதில் இருப்பதோ மையத்தைச் சுற்றிவந்த வங்கக்கடல் ஈரம்.

காற்றின் பாதையைப் பின்னோக்கி ஓட்டும் ஹைஸ்பிளிட் என்ற நிரலைப் பற்றி வகுப்பில் கேட்டேன். ஒரு நாள் மழைக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது? வரும் கோட்டைப் பார்த்து மூலத்தைச் சொல்லிவிடலாமா?
– முதுகலை மாணவி, காரைக்குடி

கோட்டை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடாது. கோடு காற்று வந்த வழியைத்தான் காட்டும். எந்த இடத்தில் ஈரம் ஏறியது என்பது அதில் இல்லை. அதை நீங்கள் கணக்கிட வேண்டும்.

அமெரிக்காவின் நோவா நிறுவனத்து இணையதளத்தில் ஹைஸ்பிளிட்டை இலவசமாக ஓட்டலாம். 'பின்னோக்கிய பாதை' என்பதைத் தேர்ந்து, இடத்துக்கு 10.07, 78.78 என்று கொடுங்கள். நேரத்தில் முதல் தவறு நடக்கும். அது கேட்பது உலகப் பொது நேரம். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். மாலை 6 மணி மழைக்கு 12 அல்லது 13 என்று கொடுக்க வேண்டும். 18 என்று கொடுத்தால் இரவு 11.30-இன் காற்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்போது கடற்காற்றே நின்றிருக்கும்.

உயரத்துக்கு 500, 1500, 3000 மீட்டர் என்று மூன்றைக் கொடுங்கள். செங்குத்து நகர்வுக்கு மாதிரியின் சொந்த மேலேறும் வேகத்தையே தேர்ந்தெடுங்கள். மழை நாளில் காற்று மேலேறாமல் ஒரே அழுத்தத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வது பொருந்தாது. கால அளவு 120 மணி நேரம். வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், மழை, கலப்படுக்கின் (தரையை ஒட்டிக் காற்று நன்றாகக் கலக்கும் அடுக்கின்) உயரம் ஆகியவற்றையும் பாதை நெடுக வெளியிடச் சொல்லுங்கள். அழுத்தம் தானாகவே வரும்.

தரவுத் தேர்வு நம் வட்டாரத்துக்கு முக்கியம். ஒரு பாகை இடைவெளியுள்ள தரவில் ஒரு கட்டம் 110 கி.மீ. அகலம். காரைக்குடிக்கும் பாக் நீரிணைக்கும் நேர்கோட்டில் 45 கி.மீ.தான் என்பதால் கரையும் கடலும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். கடற்காற்று அதில் தெரியவே தெரியாது. கால் பாகைத் தரவு, அதாவது 28 கி.மீ. கட்டம், ஓரளவு தேவலாம். ஐப்பசி அடைமழைக்கு எதுவானாலும் சமாளிக்கலாம். ஆவணி மாலை மழைக்கு ஒரு பாகைத் தரவைத் தொடவேண்டாம்.

இனி ஈரக் கணக்கு. ஒவ்வொரு 6 மணி நேரப் புள்ளியிலும் ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்று காணுங்கள். 24 பாகை செல்சியஸில் காற்று தாங்கக்கூடிய நீராவி அழுத்தம் 29.8 ஹெக்டோபாஸ்கல். ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் 25.4. காற்றழுத்தம் 950 என்றால் 622 × 25.4 ÷ 950 = 16.6 (622 என்பது மாறாத எண்). ஆகவே கிலோவுக்கு 16.6 கிராம்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இது 0.2 கிராமுக்கு மேல் கூடி, காற்று அப்போது கலப்படுக்குக்குள் இருந்தால், கீழிருந்த கடலோ நிலமோ ஈரம் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சோடமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008-இல் கிரீன்லாந்துக்காக வகுத்த முறை இது. 0.2 என்ற எல்லையும் அவர்களுடையதே. குறைந்தால் மழையாகப் போனது. குறையும்போது அதுவரை சேர்ந்த எல்லா ஊர் ஈரமும் ஒரே விகிதத்தில் குறைகிறது. இங்கேதான் முதல்முறை செய்பவர்கள் கோட்டை விடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: அந்தமானைக் கடக்கும்போது காற்றில் 12 கிராம். நடு வங்கக்கடலில் 3 ஏறி 15. அங்கே ஒரு மழையில் 5 போய் 10. மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம் என்பதால் பழைய 12 இப்போது 8, நடுக்கடலின் 3 இப்போது 2. பிறகு நம் கரைக்கு முன்னால் 8 ஏறி 18-ஆக வந்து சேர்கிறது. பங்கு: அந்தமானுக்கு அப்பால் 44 விழுக்காடு, நடு வங்கக்கடல் 11, நம் கரையை ஒட்டிய கடல் 44. மழையில் போனதைக் கழிக்காமல் 12, 3, 8 என்று அப்படியே கூட்டினால் 52, 13, 35 என்று வந்து, தொலைதூரத்துக்கு இல்லாத பெருமை சேரும்.

மூன்று உயரத்துக்கும் தனித்தனியாகச் செய்து, அந்தந்த உயரத்தின் நீராவி அளவை எடையாக வைத்துச் சராசரி எடுங்கள். காற்றிலுள்ள மொத்த நீராவியில் ஏறத்தாழப் பாதி முதல் 2 கி.மீ.-க்குள் இருக்கிறது. 3000 மீட்டர்க் கோடு பார்க்க நீளமாகவும் அழகாகவும் இருக்கும், அதற்குச் சம உரிமை கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஒற்றைக் கோட்டை நம்பவேண்டாம். பாதையின் பிழை, கடந்த தூரத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். 1500 கி.மீ. போன கோடு 225 முதல் 450 கி.மீ. வரை விலகியிருக்கலாம். வானிலைத் தரவைச் சற்றே நகர்த்தி 27 கோடுகள் போடும் வசதி அதிலேயே இருக்கிறது. 27-உம் ஒரே கற்றையாக வந்தால் எழுதுங்கள். விசிறிபோல் விரிந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். புயல் மையம் அருகில் உள்ள நாளில் கட்டாயம் விரியும்.

ஊர்க் கண்மாய்களைத் தூர்வாரி நிறைத்து, கரையெல்லாம் மரம் வைத்தால் அந்த ஈரமே திரும்ப நமக்கு மழையாகும் என்கிறார்கள். நிஜமா?
– ஒரு விவசாயி, பள்ளத்தூர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஐயா. செட்டிநாட்டின் குறுக்களவு 40 கி.மீ. என்று வையுங்கள். காற்று வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால் 2 மணி 13 நிமிடத்தில் நம் எல்லையைத் தாண்டிவிடும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது, அதுவும் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தில் என்றே கொள்வோம். அப்படியானால் காற்று நம்மைக் கடக்கும் நேரத்தில் ஏறுவது 0.9 மி.மீ. மழைக்காலத்தில் அதே காற்றுக்குள் ஏற்கெனவே 50 மி.மீ. அளவு நீராவி இருக்கிறது. செட்டிநாடு முழுவதும் ஒரே கண்மாயாக இருந்தாலும் அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட நம்முடையது ஆகாது. கண்மாய்ப் பரப்பு மொத்த நிலத்தில் சிறு பங்குதான். அந்த ஈரமும் நம் தலையில் விழாமல் காற்றோடு அடுத்த மாவட்டத்துக்குப் போகும்.

நிலத்தின் ஈரம் மழையாகத் திரும்புவது பொய்யில்லை. பரப்பளவு பெரிதானால் பங்கும் பெரிதாகும். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் ஒரே எல்லையாக எடுத்தால் அது கணக்கில் வரும் அளவுக்கு உயர்ந்துவிடும். நம் ஆவணி மழைக்குள் கேரளத்துக் காட்டிலும் கொங்கு நாட்டு வயலிலும் ஆவியான நீர் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே கண்மாய் என்ற அளவில்தான் அந்தப் பேச்சு நிற்காது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். செட்டிநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,500 ச.கி.மீ. அதன் மேல் 50 மி.மீ. நீராவி என்றால் 7.5 கோடி கன மீட்டர், அதாவது 2.65 டி.எம்.சி. அந்த நேரத்தில் நம் வானத்தில் நிற்பது அவ்வளவுதான். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. பெய்யப் பெய்யக் கடலிலிருந்து காற்று உள்ளே வந்து நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் அது முடியும்.

தூர்வாருங்கள், வரத்துக்காலை அடைப்பில்லாமல் வையுங்கள், மரமும் வையுங்கள். வந்த மழையை நிறுத்திவைக்க இவை கட்டாயம் வேண்டும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் நாட்டு ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடிப்போம். ஐசோடோப்புச் சோதனைக்கு அந்தத் தண்ணீரை அனுப்பலாமா? அந்தச் சோதனை என்ன சொல்லும்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

குடிக்க அருமையான தண்ணீர் அது. இந்தச் சோதனைக்கு மட்டும் வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த நாட்டு ஓட்டில் விழும் முதல் மழை ஓட்டுக்குள் ஊறும், மிச்சம் சூட்டில் ஆவியாகும். ஆவியாகும்போது எடை குறைந்த நீர் முதலில் போய்விடும். அண்டாவில் விழுவது மேகத்தின் தண்ணீர்தான் என்றாலும் அதன் கையெழுத்து அழிந்திருக்கும். முற்றத்தின் நடுவில் பாத்திரம் வைத்தாலும் தாழ்வாரத்திலிருந்து தெறிக்கும் நீர் சேரும். மொட்டை மாடியிலோ, மரமும் சுவரும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் வெட்டவெளியிலோ வைக்க வேண்டும்.

தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு இரண்டு, எடை 18 கொண்டவை. ஹைட்ரஜனில் பத்து லட்சத்துக்கு 156 போல, எடை 2 கொண்ட டியூட்டீரியம். கடல் ஆவியாகும்போது கனமானவை சற்றுப் பின்தங்கும். மேகம் மழையாகும்போது கனமானவை முதலில் விழும். ஆகவே வழியெல்லாம் பெய்துகொண்டே வந்த காற்றின் மழை இலேசாக இருக்கும். கடல்நீரை 0 என்று வைத்து, அதிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைவு என்று எழுதுவார்கள். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை, தென்மேற்குப் பருவமழையைவிட இலேசாக இருப்பது பல இடங்களில் காணப்பட்டது. புயல்களிலும் தாழ்வு மண்டலங்களிலும் ஈரம் பலமுறை பிழியப்படுவது ஒரு காரணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் இலேசான நதிநீர் வடக்கு வங்கக்கடலின் மேற்பரப்பில் கலப்பது இன்னொன்று.

பிடிக்கும் முறை: வாய் 20 செ.மீ. விட்டமுள்ள புனலில் 1 மி.மீ. மழைக்கு 31 மி.லி. சேரும். 5 லிட்டர் கேன் 159 மி.மீ. வரை தாங்கும், தினமும் எடுப்பதற்கு இது சரி. மாதம் ஒருமுறை எடுப்பதானால் 10 செ.மீ. புனல் போதும். அதில் 1 மி.மீ.-க்கு 7.85 மி.லி.தான். 2 லிட்டர் கேனோடு பெரிய புனலை வைத்தால் 63 மி.மீ. தாண்டியதும் வழியும். வழிந்துவிட்டால் அந்த மாதிரி வீண், ஏனென்றால் கடைசியில் பெய்த மழை அதில் இருக்காது.

கேனுக்குள் ஆவியாவதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை அரை செ.மீ. கனத்துக்கு ஊற்றி வைப்பது பழைய வழி. எண்ணெய் மிதக்கும், மழைநீர் அதைத் துளைத்துக் கீழே போகும். மாதிரியை ஊசிக்குழலால் அடியிலிருந்து எடுக்க வேண்டும். லேசர் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் இது ஆகாது. ஒரு சொட்டு எண்ணெய் போனாலும் அளவு தவறும். அதற்கு இரண்டாவது வழி: புனலின் குழாயைக் கேனின் அடிவரை இறக்குங்கள். கொஞ்சம் நீர் சேர்ந்ததும் குழாயின் நுனி மூழ்கிவிடும், வெளிக்காற்று தொடும் பரப்பு அந்தக் குழாயின் வாய் அளவுதான். உள்ளே உள்ள காற்று வெளியேற 2 மி.மீ. உள்விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள மெல்லிய குழாயைச் சுருட்டிப் பொருத்துங்கள். நீளம் அதிகம் என்று வெட்டிவிடாதீர்கள், ஆவி வெளியேறாமல் தடுப்பது அந்த நீளம்தான்.

தினமும் காலை 8.30-க்கு எடுங்கள், வானிலைத் துறையின் மழை நாளும் அதுவே. 50 மி.லி. கெட்டியான பிளாஸ்டிக் குப்பியில் விளிம்பு தளும்ப ஊற்றி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஊர், தேதி, மழையின் மி.மீ. அளவு மூன்றையும் குப்பியின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மாறிப்போகும். அமிலமோ வேறு மருந்தோ சேர்க்க வேண்டியதில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்த ஆய்வு நடக்கிறது. கல்லூரி வழியாக முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுப்புவதே நல்லது.

விடை வந்ததும் சராசரி எடுப்பதில் கவனம் வேண்டும். 60 மி.மீ. மழைக்கு ஆக்ஸிஜன் எண் −8, 10 மி.மீ.-க்கு −2, 5 மி.மீ.-க்கு 0 என்று வந்தால் சாதாரணச் சராசரி −3.3. மழை அளவை எடையாக வைத்தால் −6.7. இரண்டாவதுதான் அந்த மாத மழை.

ஒரு எச்சரிக்கை: எண் இலேசாக இருப்பதாலேயே 'வங்கக்கடல்' என்று முத்திரை குத்தக்கூடாது. வெப்பமண்டலத்தில் எந்தக் கடல் நீரானாலும் கனமழை என்றால் எண் இறங்கும். டென்மார்க் அறிஞர் டான்ஸ்கார்ட் 1964-லேயே இதை எழுதிவிட்டார். எதிர்ப்புறம், சித்திரை வெயிலில் விழும் 2 மி.மீ. தூறல் வழியிலேயே பாதி ஆவியாகிக் கனத்துப்போகும். ஆகவே ஐசோடோப்பும் காற்றுப் பாதையும் ஒரே பதிலைச் சொன்னால்தான் எழுதலாம்.

எங்கள் ஊருணித் தண்ணீரும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றா? இதே சோதனையில் தெரியுமா?
– ஒரு வாசகர், கண்டனூர்

நன்றாகவே தெரியும். டியூட்டீரிய எண்ணிலிருந்து, ஆக்ஸிஜன் எண்ணை 8-ஆல் பெருக்கிக் கழியுங்கள். மழைநீருக்கு அது உலக அளவில் 10-ஐ ஒட்டி வரும். ஐப்பசி மழையில் ஆக்ஸிஜன் −6, டியூட்டீரியம் −38 என்று வைத்துக்கொண்டால் −38 + 48 = 10. அதே தண்ணீர் ஊருணியில் பங்குனிவரை வெயிலில் கிடந்து −1, −13 ஆனால் −13 + 8 = −5. கிணற்றிலும் 10-ஐ ஒட்டி வந்தால் மழை நேரே நிலத்தில் இறங்கியது. −5 பக்கம் போனால் ஊருணி ஊறிக் கிணற்றுக்குப் போகிறது. நாளுக்கு 5 மி.மீ. என்றால் மாசி முதல் வைகாசி வரை 120 நாளில் ஊருணியிலிருந்து ஆவியாவதே 60 செ.மீ., இரண்டு அடி. அதனால் ஊருணி மாதிரியைக் கார்த்திகையில் ஒன்று, பங்குனியில் ஒன்று எடுக்க வேண்டும். கரையோரத்து ஆழமில்லாத நீரை எடுக்காமல், படித்துறையிலிருந்து ஒரு கம்பில் குப்பியைக் கட்டி முழ ஆழத்துக்கு இறக்கி எடுங்கள். கிணற்றில் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குழாயில் நின்ற பழைய நீர் போனபிறகு பிடியுங்கள்.

கடல்நீரிலிருந்து வரும் மழை ஏன் கரிப்பதில்லை?
– ஆறாம் வகுப்பு மாணவன், புதுவயல்

ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் எழுகிறது தம்பி, உப்பு கடலிலேயே நின்றுவிடுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத்துகள் கொஞ்சம் காற்றில் ஏறும். கடற்கரை ஊர் மழையில் அது அளக்கும் அளவுக்கு இருக்கும், நாக்குக்குத் தெரியாது.

செயற்கைக்கோளின் 'நீராவிப் படம்' பார்த்தே ஈரம் வரும் திசையைச் சொல்லிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். தினமும் பார்க்க எளிய வழி எது?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

நீராவிப் படம் காட்டுவது பெரும்பாலும் 5 கி.மீ.-க்கு மேலுள்ள ஈரத்தை. கீழே இருக்கும் ஈரம் அந்த அலைநீளத்துக்குத் தெரியாது. படத்தில் நம் ஊர் கறுப்பாக, காய்ந்ததுபோல் இருக்கும் நாளிலும் கீழே கடற்காற்று நிறைய ஈரத்தோடு வந்துகொண்டிருக்கும். அன்று மாலையே இடி இடித்தாலும் வியப்பில்லை.

மொத்த நீராவியைக் காட்டும் படம் வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மிமிக் என்ற அசைபடம் கடல்மேல் வரும் ஈரத்தை மணிக்கு மணி காட்டுகிறது. வங்கக்கடலில் 60 மி.மீ. பட்டை நம் கரையை நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். அடுத்து, நமக்குப் பக்கத்தில் வானிலைப் பலூன் விடும் இடமான காரைக்காலின் அளவீட்டைப் பாருங்கள். பலூன் நேரம் காலை 5.30, மாலை 5.30. வயோமிங் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் நிலைய எண் 43346 கொடுத்தால், பட்டியலின் அடியில் மொத்த நீராவி மி.மீ.-இல் இருக்கும். அதே பட்டியலில் 925, 850 என்ற அழுத்த வரிகளில் காற்றுத் திசையைப் பாருங்கள். 45 என்றால் வடகிழக்கு, 90 கிழக்கு, 270 மேற்கு. இரண்டு வரியும் 45-க்கும் 90-க்கும் நடுவே, நீராவி 55-க்கு மேல் என்றால் கொண்டல் ஈரத்தோடு வந்துவிட்டது. 925-இல் 90, 850-இல் 270 என்று முரணாக வந்தால் கீழே கடற்காற்று, மேலே மேற்குக் காற்று. அன்றைய மழையில் இரண்டு கடலும் இருக்கும்.